வகுப்புக்கு ஒரு வலைப்பூ: பிள்ளைகளின் படிப்புக்கு உண்மையில் பயன் உண்டா?

பாலக்காட்டு டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் வணக்கம். கேரளத்தில் பாலக்காடு மாவட்டம், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஓர் அரசுப் பள்ளியில் தமிழ் வழி வகுப்புகளுக்குத் தமிழ் எடுக்கிறேன். போன கல்வியாண்டில் எட்டாம் வகுப்புக்கு ஒரு வலைப்பூ (பிளாக்) தொடங்கினோம். வகுப்புக்கு ஒன்றுதான், ஆளுக்கொன்று இல்லை. இந்த வருடம் ஒன்பதாம் வகுப்புக்கும் அதைக் கொண்டுபோவது பற்றி அடுத்த பிடிஏ (பெற்றோர் ஆசிரியர் சங்க) கூட்டத்தில் பேசப் போகிறோம். "இதனால் மார்க் கூடுமா?" என்ற கேள்வி கட்டாயம் வரும். மற்ற ஊர்களில் செய்து பார்த்தவர்கள் என்ன கண்டார்கள் என்று தெரிந்துகொண்டு பேச நினைக்கிறேன்.

முதலில் நான் கண்டது. கட்டுரை என்றால் எங்கள் பிள்ளைகள் கைடில் உள்ளபடி முன்னுரை, பொருளுரை, முடிவுரை என்று எழுதிவிடுவார்கள். படிக்கப்போவது நான் ஒருத்தி. அவர்கள் எழுதும் விஷயம் எனக்கு முன்பே தெரியும் என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் யாருக்கோ புரியவைக்க வேண்டும் என்ற எண்ணமே வராது. பிழையில்லாமல் பக்கம் நிறைந்தால் போதும்.

வலைப்பூவில் ஒரு மாணவி எங்கள் ஊர் வாய்க்காலைப் பற்றி எழுதினாள். "இந்த முறையும் தண்ணீர் வரவில்லை, நெல் காய்கிறது" என்று ஏழெட்டு வரி. பொள்ளாச்சியிலிருந்து யாரோ ஒருவர் கீழே கேட்டிருந்தார்: "எந்த மாதம் வர வேண்டிய தண்ணீர்? எங்கிருந்து வருகிறது? திறந்துவிடுவது யார்?" அவளுக்குப் பதில் தெரியவில்லை. தாத்தாவிடம் போனாள், அப்புறம் சமூக அறிவியல் சாரிடம் போனாள். பரம்பிக்குளம் ஆழியாறு திட்டம், 1970-ல் தமிழ்நாடு, கேரளம் இரண்டு மாநிலங்களும் போட்ட ஒப்பந்தம், மணக்கடவு அணைக்கட்டில் கணக்கெடுத்து ஆண்டுக்கு 7.25 டிஎம்சி (ஒரு டிஎம்சி நூறு கோடி கன அடி) தண்ணீர் எங்கள் சித்தூர்ப் புழைக்கு, அதாவது ஆற்றுக்கு, வர வேண்டும் என்ற விதி, மூலத்தறையில் அது இடது கரை, வலது கரை வாய்க்கால்களுக்குப் பிரிவது, எல்லாம் தெரிந்துகொண்டு மறுபடி எழுதினாள். இரண்டாவதாக எழுதியது மூன்று பக்கம். நான் ஒரு வரிகூடச் சொல்லித் தரவில்லை.

சிவப்பு மையால் "இன்னும் விரிவாக எழுது" என்று எத்தனை முறை எழுதியிருப்பேன்! அதற்கு அவள் எழுந்து எங்கும் போனதில்லை. தெரியாத ஒருவர் உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்ட கேள்விக்குப் போனாள். வலைப்பூவின் கல்விப் பயன் இதுதான் என்று நினைக்கிறேன். உங்கள் அனுபவம் என்ன?


வடகரைப்பதி விவசாயி

டீச்சர், நல்ல எண்ணத்தில் செய்கிறீர்கள், அதில் சந்தேகம் இல்லை. என் மகள் ஒன்பதாவது. ஒரு தகப்பனாகச் சிலது கேட்கிறேன், தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அடுத்த வருடம் எஸ்எஸ்எல்சி. பரீட்சை பேனாவால்தான் எழுத வேண்டும். தட்டச்சில் பழகினால் கையெழுத்தும் வேகமும் போய்விடாதா? இரண்டாவது, "பிளாக் எழுதணும்பா" என்று போனை வாங்கினால் நான் வயலுக்குப் போன பிறகு அதில் என்ன பார்க்கிறாள் என்று எனக்கு எப்படித் தெரியும்? மூன்றாவது, இது ரொம்ப முக்கியம், பெண் பிள்ளையின் பெயரும் ஊரும் உலகமே பார்க்கும் இடத்தில் இருக்க வேண்டுமா? பொள்ளாச்சிக்காரர் ஒருவர் நல்ல கேள்வி கேட்டார், சரி. எல்லோரும் அப்படியே இருப்பார்களா?


மூணாறு சார்

அண்ணா, உங்கள் மூன்று கேள்வியும் நியாயமானவை. முதல் இரண்டுக்கும் எங்கள் எஸ்டேட் பள்ளியில் செய்வதைச் சொல்கிறேன். மூன்றாவதற்கு விவரம் தெரிந்தவர்கள் இங்கே இருக்கிறார்கள்.

எங்கள் பிள்ளைகள் முதலில் நோட்டில்தான் எழுதுகிறார்கள். முதல் வரைவு, பக்கத்தில் இருப்பவன் படித்துக் கேட்கும் கேள்விகள், இரண்டாவது வரைவு, எல்லாம் பேனாவால். கடைசி வடிவத்தை மட்டும் பள்ளி லேப்டாப்பில் முறைவைத்து அடிக்கிறார்கள். போன் தேவையே இல்லை. லயங்களில், அதாவது எஸ்டேட் தொழிலாளர் குடியிருப்புகளில், பல வீடுகளில் ஒரே போன்தான், அதுவும் கொழுந்து பறிக்கப் போகும் அம்மாவோடு போய்விடும். மலைச் சரிவில் சிக்னலும் ஒழுங்காகக் கிடைக்காது. அதனால் வேலை முழுவதும் பள்ளிக்குள்ளேயே முடிய வேண்டும் என்று ஆரம்பத்திலேயே வைத்துக்கொண்டோம். கையால் எழுதும் அளவு முன்பைவிடக் கூடியிருக்கிறது. முன்பு ஒரு கட்டுரை ஒரு முறை, இப்போது அதே கட்டுரை இரண்டு முறை.

இது கம்ப்யூட்டர் காலத்தில் முளைத்த யோசனை என்று யாரும் நினைக்க வேண்டாம். பிரான்ஸில் செலஸ்தேன் பிரெனே என்று ஓர் ஆசிரியர் இருந்தார். முதல் உலகப் போரில் நுரையீரலில் அடிபட்டு, வகுப்பில் நெடுநேரம் சத்தமாகப் பேச முடியாமல் போனவர். 1924-ல் பார்-சூர்-லூ என்ற தெற்கத்திய கிராமப் பள்ளிக்கு ஒரு சின்ன அச்சு இயந்திரம் வாங்கி வைத்தார். பிள்ளைகள் தங்கள் ஊரைப் பற்றி, வீட்டைப் பற்றி எழுதினார்கள். எதை அச்சடிப்பது என்று வகுப்பே கூடித் தேர்ந்தெடுத்தது. எழுத்தைக் கோத்து அச்சடித்ததும் அவர்களே. அந்தத் தாள்கள் நாட்டின் இன்னொரு மூலையில், பிரித்தானி கடற்கரையில், ரெனே தானியேல் என்ற ஆசிரியரின் வகுப்புக்குத் தபாலில் போயின. அங்கிருந்து பதில் தாள்கள் வந்தன. மலைக்கிராமத்துப் பிள்ளை தன் ஊரைக் கடற்கரைப் பிள்ளைக்கு விளக்க வேண்டியிருந்தது. எதைச் சொல்ல வேண்டும், எதைச் சொல்லாமல் விட்டாலும் புரியும் என்று யோசித்தால்தான் அது முடியும்.

நம்மிடமும் கையெழுத்துப் பத்திரிகை நடத்திய பள்ளிகள் எத்தனையோ. கேரளத்துப் பள்ளிகளில் வித்யாரங்கம் கலை இலக்கிய மன்றம் இன்றும் இருக்கிறது. கையெழுத்துப் பத்திரிகைக்கு ஒரே பிரதி, அது தலைமையாசிரியர் அறை அலமாரியில் போய்ப் படுத்துவிடும். வலைப்பூ வெளியூர்ப் பள்ளிக்கும் போகும், கேள்வியோடு திரும்பியும் வரும். எனக்குத் தெரிந்து வித்தியாசம் அவ்வளவுதான்.


கைட் மிஸ்ட்ரஸ்

நான் எங்கள் பள்ளியில் லிட்டில் கைட்ஸ் என்ற மாணவர் ஐடி மன்றத்தைப் பார்த்துக்கொள்கிறேன். கருவி பற்றிக் கொஞ்சம் சொல்லலாம்.

கேரளத்தில் உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளில் 45,000 வகுப்பறைகளுக்கு லேப்டாப்பும் புரொஜெக்டரும் வந்துவிட்டன. லிட்டில் கைட்ஸ் 2018-லிருந்து நடக்கிறது. 2009-ல் தொடங்கிய ஸ்கூல் விக்கி என்ற இணையதளத்தில் பள்ளிகளின் பக்கங்கள் இருக்கின்றன. அதாவது இதற்காகப் புதிதாக எதையும் வாங்க வேண்டாம். தமிழ் வழிப் பிள்ளைகளுக்குத் தமிழில் செய்யத்தான் ஆள் குறைவு.

தட்டச்சு பற்றிப் பலர் பயப்படுகிறார்கள். எங்கள் பிள்ளைகள் ஐடி பாடத்தில் மலையாளத்தை இன்ஸ்கிரிப்ட் விசைப்பலகையில் பழகுகிறார்கள். இன்ஸ்கிரிப்டில் இந்திய மொழிகளுக்கெல்லாம் பெரும்பாலும் ஒரே அமைப்பு. மலையாளத்தில் 'க' இருக்கும் இடத்தில்தான் தமிழிலும் 'க'. மொழியை மாற்றிவிட்டால் அதே விரல் அதே இடம். தமிழ் மட்டுமே அடிக்கப் போகிறவர்களுக்கு 1999-ல் வந்த தமிழ்99 இன்னும் சுலபம். எதை வேண்டுமானாலும் பழகட்டும். யூனிகோடில் இருக்க வேண்டும், அது மட்டும் கட்டாயம். டிடிபி கடைக்காரர்களிடம் இருக்கும் பழைய எழுத்துருக்களில் அடித்துப் போட்டால் வேறு கம்ப்யூட்டரில் கட்டம் கட்டமாகத் தெரியும், தேடினாலும் கிடைக்காது.

இன்னொன்று, படம். கூகுளில் தேடி எடுத்து ஒட்டக்கூடாது என்று முதல் நாள் வகுப்பிலேயே சொல்லிவிடுவேன். பிள்ளைகளே வரையட்டும், அல்லது விக்கிமீடியா காமன்ஸில் எடுத்து, எடுத்தவர் பெயரைப் போடட்டும். அடுத்தவர் உழைப்பை மதிப்பது, எங்கே எடுத்தோம் என்று சொல்வது, இதெல்லாம் கல்லூரிக்குப் போன பிறகு தெரிந்துகொள்கிறோம். பதின்மூன்று வயதில் தெரிந்தால் என்ன?


நகரி மாணவன்

அக்கா, சார், எல்லோருக்கும் வணக்கம். நான் ஆந்திரா பக்கம், நகரி. இப்போது திருப்பதியில் இன்ஜினியரிங். ஆசிரியர் பக்கத்திலிருந்தே எல்லோரும் பேசுகிறீர்கள், எழுதின மாணவன் பக்கத்தையும் கேளுங்கள்.

ஐந்தாவது வரை தமிழ் வழி, அதற்கப்புறம் தெலுங்கு வழிக்கு மாறினேன். எங்கள் தெருவில் வீட்டுக்கு வீடு விசைத்தறி, எல்லோரும் பேசுவது தமிழ். ஆனால் எழுதுவதற்கு ஒரு காரணமும் கிடையாது. பள்ளியில் தெலுங்கு, ஆபீஸில் தெலுங்கு, கடைக் கணக்குகூடத் தெலுங்கில். எழுத்துக்கூட்டிப் படிப்பதே மறந்துவிடும் நிலைமையில் இருந்தேன். எட்டாவதில் தமிழ் தெரிந்த ஒரு சார், தமிழ் பேசும் பிள்ளைகள் சிலரை வைத்து ஒரு வலைப்பூ ஆரம்பித்தார். பாடத்திட்டத்தில் இல்லாத வேலை, மாலை நேரத்தில்.

அப்பாவின் தறியைப் பற்றி எழுதினேன். எழுதும்போதுதான் தெரிந்தது, தினமும் பார்க்கிற வேலை எனக்குப் புரியவே இல்லை என்று. பாவு (நீளவாட்டு நூல்) எப்படி ஓடுகிறது, ஊடை (குறுக்கு) நூலோடு நாடா ஏன் இரண்டு பக்கமும் போய் வருகிறது, நாடாவுக்குள் இருக்கும் தார் (நூல் சுற்றிய குச்சி) தீர்ந்தால் என்ன ஆகும், நூல் அறுந்தால் துணியில் எந்த இடத்தில் தெரியும். படிக்கிறவருக்குத் தறியே தெரியாது என்று வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாக அப்பாவிடம் கேட்டேன். அதுவரை அப்பா என்னிடம் தறியைப் பற்றி அவ்வளவு பேசியதில்லை. பிழை நிறைய இருந்தது. ர, ற எல்லாம் மாறி மாறி வரும். படித்தவர்கள் சிலர் பொறுமையாகச் சுட்டிக்காட்டினார்கள். மார்க் போகாத இடத்தில் பிழையைத் திருத்தும்போது வெட்கம் இல்லை, அதனால் மனதில் நின்றது.

இப்போது லேபில் மெஷின் ரிப்போர்ட் எழுதும்போது மற்ற பசங்கள் எங்கே தொடங்குவது என்று தவிப்பார்கள். எனக்கு அந்தத் தவிப்பு இல்லை. ரிப்போர்ட் இங்கிலீஷில்தான். ஆனால் தெரியாதவருக்கு ஓர் இயந்திரத்தை வரிசையாகச் சொல்வது எந்த மொழியிலும் ஒரே வேலைதான். அதை நான் தமிழில் கற்றேன்.

தமிழ் வழிப் பள்ளிகள் குறைந்துகொண்டே வரும் எங்கள் பக்கத்துக்கு இது ரொம்பவே தேவை. வகுப்பு இல்லாவிட்டாலும் வலைப்பூ நடத்தலாம்.


பீர்மேடு ஓய்வுபெற்ற தலைமையாசிரியர்

தம்பி எழுதியதைப் படித்து மகிழ்ந்தேன். ஆனாலும் ஒருவரின் அனுபவத்தை வைத்துப் பிடிஏ கூட்டத்தில் வாதாட முடியாது. டீச்சர் கையில் கொஞ்சம் சான்றும் இருக்க வேண்டும்.

அமெரிக்காவில் ஸ்டீவ் கிரஹாம், டோலரஸ் பெரின் இருவரும் 2007-ல் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். 4 முதல் 12-ஆம் வகுப்பு வரையிலான மாணவர்களுக்கு எழுதக் கற்றுத்தரும் முறைகள் பற்றி நடந்த பல ஆய்வுகளைத் திரட்டி, எந்த முறை எவ்வளவு பலன் தந்தது என்று ஒரே அளவுகோலில் வைத்துப் பார்த்தார்கள். அதில் 0 என்றால் வித்தியாசம் இல்லை, எண் கூடக் கூடப் பலன் கூடுதல். திட்டமிடுவது, திருத்துவது போன்ற உத்திகளை வெளிப்படையாகச் சொல்லித்தருவதற்கு 0.82. மாணவர்கள் சேர்ந்து எழுதி ஒருவருக்கொருவர் உதவுவதற்கு 0.75. கணினியில் எழுதுவதற்கு 0.55. இலக்கணத்தை மட்டும் தனியாக நடத்துவதற்கு கழித்தல் 0.32, அதாவது மற்ற முறைகளோடு ஒப்பிட்டால் எழுத்து பின்தங்கியது. இவை ஆங்கிலத்தில் எழுதும் பிள்ளைகளைப் பற்றிய கணக்குகள். அப்படியே தமிழுக்குப் பொருத்திவிடக் கூடாது. ஆனால் திசை தெரிகிறது.

இதில் ஒன்றைக் கவனியுங்கள். வலைப்பூ என்ற ஒன்றுக்கு அந்தப் பட்டியலில் தனி எண் கிடையாது. பலன் வருவது வரைவு, திருத்தம், சக மாணவரின் உதவி, கணினியில் எளிதாக மாற்றி எழுதும் வசதி ஆகியவற்றிலிருந்து. வலைப்பூ இவை எல்லாவற்றையும் ஒரே வேலைக்குள் கொண்டுவருகிறது. ஆகவே நோட்டில் எழுதியதை ஒருமுறை தட்டச்சு செய்து ஏற்றிவிட்டு, யாரும் படிக்காமல், யாரும் கேட்காமல் விட்டால் அதனால் ஒரு பயனும் விளையாது. அப்படிக் கைவிடப்பட்ட பள்ளி வலைப்பூக்கள் ஏராளம். திறப்பு விழாவுக்கு ஒரு பதிவு, சுதந்திர தினத்துக்கு ஒரு பதிவு, அத்தோடு சரி. ஆளுக்கொரு வலைப்பூ வேண்டாம் என்று டீச்சர் எடுத்த முடிவை முழுமையாக ஆதரிக்கிறேன். முப்பது பிள்ளைகளுக்கு முப்பது வலைப்பூ என்றால் எந்த ஆசிரியராலும் படித்து முடிக்க முடியாது.

மார்க் பற்றிக் கேட்டால் இப்படிச் சொல்லுங்கள். நமது எஸ்எஸ்எல்சி (பத்தாம் வகுப்பு) தமிழ்த் தாள் ஒவ்வொன்றிலும் எழுத்துத் தேர்வுக்கு 40, தொடர் மதிப்பீட்டுக்கு 10. வினாத்தாளில் நாட்குறிப்பு, கடிதம், அறிவிப்பு, மதிப்புரை, குறிப்புரை என்று வடிவம் சொல்லி எழுதச் சொல்கிறார்கள். மனப்பாடம் செய்து எழுத முடியாத கேள்விகள் இவை. வலைப்பூவில் பிள்ளைகள் எழுதுவதும் இதே வடிவங்கள்தான்.


கொழிஞ்சாம்பாறை அம்மா

என் மகளும் இந்த டீச்சர் வகுப்பில்தான் படிக்கிறாள். நான் படித்தது மலையாளம் மீடியம். தமிழ் பேசுவேன், படிக்க வராது. இதையும் அவளை வைத்துத்தான் அடிக்கிறேன்.

முன்பெல்லாம் அவள் தமிழ் நோட்டில் என்ன எழுதுகிறாள் என்று எனக்குத் தெரியாது. இப்போது வலைப்பூவில் வந்ததும் எனக்கு வாசித்துக் காட்டுகிறாள். வாசிக்கும்போதே "அம்மா, இந்த இடம் சரியில்லை" என்று அவளே நிறுத்தித் திருத்துகிறாள். அவள் அப்பா லாரி ஓட்டுகிறார். வாளையார் தாண்டி எங்கேயாவது வண்டியை நிறுத்தி இருக்கும்போது போனில் படித்துவிட்டுக் கூப்பிடுவார். ஒரு தடவை அவர் ஓட்டும் ரூட்டைப் பற்றியே எழுதியிருந்தாள். அவர் கூப்பிட்டு, "ஊர் வரிசை மாறிப்போச்சு" என்று சொல்லித் திருத்தினார். பள்ளிக்கூட வேலையில் அவர் சொல்லித்தர ஏதோ ஒன்று இருந்தது என்று அவருக்கு அவ்வளவு சந்தோஷம்.

பிடிஏ கூட்டத்தில் நானும் எழுந்து பேசுவேன் டீச்சர்.


சட்டம் படிக்கும் தேவிகுளத்துப் பெண்

வடகரைப்பதி அண்ணாவின் மூன்றாவது கேள்விக்கு யாரும் இன்னும் முழுதாகப் பதில் சொல்லவில்லை. எனக்கு முக்கியமாகப் படுவதே அதுதான்.

பிள்ளையின் உண்மைப் பெயர், முகம், வீடு, பள்ளிக்கு வரும் வழி, எந்த நேரம் எங்கே இருப்பாள் என்பது, இவை எதுவும் வலைப்பூவில் இருக்கக் கூடாது. பெயருக்குப் பதில் பிள்ளைகளே ஒரு புனைபெயர் வைத்துக்கொள்ளட்டும். பாகிஸ்தானின் ஸ்வாத் பள்ளத்தாக்கிலிருந்து 2009-ல் பிபிசி உருது தளத்துக்கு மலாலா நாட்குறிப்பு எழுதியபோது அவருக்கு வயது 11. குல் மகாய் என்ற பெயரில்தான் எழுதினார். உலகம் அதைப் படித்தது, எழுதியது யார் என்று அப்போது வெளியே தெரியாது. நம் ஊரில் அந்த ஆபத்து இல்லை என்றாலும் முறை நல்ல முறைதான்.

2023-ல் வந்த டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் 18 வயது நிரம்பாதவர் எல்லோரும் குழந்தைகள். அவர்களின் விவரங்களைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும். ஆகவே வருடத் தொடக்கத்திலேயே தமிழிலும் மலையாளத்திலும் ஒரு சம்மதப் படிவம் கொடுத்துக் கையெழுத்து வாங்கிவிடுங்கள். எதை வெளியிடுவோம், எதை வெளியிட மாட்டோம், வேண்டாம் என்றால் எப்படி எடுத்துவிடுவோம் என்று அதிலேயே எழுதுங்கள். வலைப்பூவின் கணக்கை ஆசிரியர் தன் பெயரில் வைத்துக்கொள்ளட்டும். கூகுள் கணக்கைத் தானே வைத்துக்கொள்ள இங்கே குறைந்தது 13 வயது ஆக வேண்டும், எட்டாம் வகுப்பில் பாதிப் பேருக்கு அந்த வயது ஆகியிருக்காது. பின்னூட்டம் எல்லாம் ஆசிரியர் பார்த்து அனுமதித்த பிறகே வெளியே தெரியும்படி அமைக்கலாம். அழைத்தவர்கள் மட்டும் படிக்கும்படி பூட்டி வைக்கவும் வசதி இருக்கிறது. முதல் பருவத்துக்கு அப்படி வைத்து, பெற்றோருக்கு நம்பிக்கை வந்த பிறகு திறக்கலாம்.

இன்னொரு விஷயத்தையும் பள்ளி முன்கூட்டியே யோசித்து வைக்க வேண்டும். பிள்ளைகள் எழுதத் தொடங்கினால் பள்ளியில் உள்ள குறையையும் எழுதுவார்கள். 2012-ல் ஸ்காட்லாந்தில் மார்த்தா பெய்ன் என்ற 9 வயதுச் சிறுமி, பள்ளியில் கொடுத்த மதிய உணவைத் தினமும் படமெடுத்து, மதிப்பெண் போட்டு எழுதினாள். படம் எடுக்கக் கூடாது என்று உள்ளூர் நிர்வாகம் தடை போட்டது. எதிர்ப்பு கிளம்பியதும் தடையை விலக்கிக்கொண்டது. அந்த வலைப்பூ வழியாக ஏழை நாட்டுப் பிள்ளைகளின் சாப்பாட்டுக்கு 1 லட்சம் பவுண்டுக்கு மேல் நன்கொடை சேர்ந்தது. நம் பள்ளிகளிலும் ஒரு பிள்ளை கழிப்பறையைப் பற்றியோ குடிதண்ணீரைப் பற்றியோ எழுதினால் என்ன செய்வீர்கள்? முதலில் அதை ஒரு மனுவாகத் தலைமையாசிரியருக்கு எழுதச் சொல்லலாம் என்பது என் கருத்து. மனு எழுதுவதும் எழுத்துப் பயிற்சிதானே. ஆனால் எழுதியதற்காகப் பிள்ளையைக் கண்டிக்க மாட்டோம் என்ற உறுதி பள்ளியிடமிருந்து வர வேண்டும்.


மூணாறு சார்

நல்ல கேள்வி கேட்டாய் அம்மா. வெளியிடாமல் வைக்க வேண்டியதைப் பற்றி நானும் ஒன்று சொல்ல வேண்டும்.

2020 ஆகஸ்ட் 6 இரவு எங்கள் மூணாறுப் பக்கத்துப் பெட்டிமுடியில் மண்சரிவில் 70 பேர் இறந்துபோனார்கள். எங்கள் பகுதியில் அந்த இழப்பு தொடாத பள்ளி இல்லை. பின்னால் "என் குடும்பம்" என்று தலைப்புக் கொடுத்தபோது ஒரு பிள்ளை அந்த இரவை எழுதியிருந்தது. நான் படித்த மாணவர் எழுத்துகளிலேயே மிகச் சிறந்தது அதுதான். வலைப்பூவில் போடவில்லை. அந்தப் பிள்ளையோடு உட்கார்ந்து பேசினேன். நோட்டில் இருக்கட்டும், உனக்குத் தோன்றும்போது பெரியவனான பிறகு நீயே முடிவு செய் என்றேன். வீட்டுக்கும் சொன்னேன்.

எழுதுவது வேறு, வெளியிடுவது வேறு. இதைப் பிள்ளைகளும் புரிந்துகொள்ள வேண்டும், ஆசிரியர்கள் அதைவிட நன்றாகப் புரிந்துகொள்ள வேண்டும். நிறையப் பேர் படித்துப் பாராட்டுவார்கள் என்பதற்காக ஒரு குழந்தையின் துக்கத்தை வெளியே வைக்கக் கூடாது.


கோபாலபுரம் டியூஷன் மாஸ்டர்

எல்லாம் சரி. ஏஐ பற்றி யாரும் பேசவில்லையே? என்னிடம் டியூஷன் வரும் பிள்ளைகள் கட்டுரை வேண்டும் என்றால் போனில் கேட்டு வாங்கி அப்படியே நோட்டில் பார்த்து எழுதுகிறார்கள். நல்ல தமிழாகவும் இருக்கிறது. வலைப்பூவிலும் அதைத்தானே போடுவார்கள்? அப்புறம் நீங்கள் சொல்லும் கல்விப் பயன் எங்கே?


பாலக்காட்டு டீச்சர்

மாஸ்டர், இது உண்மையான பிரச்சினை. தலைப்பை வைத்துத்தான் இதைச் சமாளிக்க முடிகிறது. "மரம் வளர்ப்போம்" என்று கொடுத்தால் போனில் வாங்கித்தான் வருவார்கள். "உங்கள் தெருவில் பனை ஏறும் ஒருவரிடம் கேட்டு, ஒரு நாளில் எத்தனை மரம், எந்த நேரம், எந்த மாதம் வேலை இருக்காது என்று எழுது" என்றால் போனிடம் பதில் கிடையாது. எங்கள் சித்தூர்ப் பக்கம் பனையும் தென்னையும் ஏறிக் கள் இறக்குபவர்கள் ஊருக்கு ஊர் இருக்கிறார்கள். பிள்ளை எழுந்து போய்க் கேட்டே ஆக வேண்டும். அதோடு மூணாறு சார் சொன்ன மாதிரி நோட்டில் முதல் வரைவு. பின்னூட்டத்தில் யாராவது கேள்வி கேட்டால் வகுப்பில் வாயால் முதலில் பதில் சொல்ல வேண்டும். தான் எழுதாததற்கு யாராலும் அப்படிப் பதில் சொல்ல முடியாது.

பின்னூட்டம் என்றதும் நினைவுக்கு வருகிறது. ஆரம்பத்தில் பிள்ளைகள் ஒருவருக்கொருவர் "சூப்பர்", "அருமை" என்று மட்டுமே எழுதினார்கள். எழுதினவருக்கு அதனால் ஒன்றும் கிடைக்காது. இப்போது ஒவ்வொரு பின்னூட்டத்திலும் ஒரு கேள்வியாவது இருக்க வேண்டும், படித்தவருக்கே தெரிந்துகொள்ள ஆசையாக இருக்கும் கேள்வியாக இருக்க வேண்டும் என்று வைத்திருக்கிறேன். நல்ல கேள்வி கேட்பவனுக்கும் தொடர் மதிப்பீட்டில் மதிப்பெண் உண்டு. கட்டுரை எழுத வராத சில பிள்ளைகள் கேள்வி கேட்பதில் முன்னால் வந்துவிட்டார்கள். அவர்களை வகுப்பில் நான் அதற்கு முன் சரியாகக் கவனித்ததில்லை என்றே தோன்றுகிறது.

பேச்சு வழக்கு பற்றியும் சிலர் தனிமடலில் கேட்டார்கள். எங்கள் பிள்ளைகளின் தமிழில் கொங்கு வழக்கும் இருக்கும், மலையாளமும் கலந்திருக்கும். ஒருவர் பேசியதை எழுதும்போது அவர் பேசியபடியே மேற்கோளில் எழுதச் சொல்கிறேன். தங்கள் சொந்த வாக்கியத்தை எழுத்துத் தமிழில் எழுத வேண்டும். இரண்டையும் ஒரே பக்கத்தில் பிரித்து எழுதிப் பழகினால், எங்கே எது வேண்டும் என்று பரீட்சையிலும் தடுமாறுவதில்லை.


வடகரைப்பதி விவசாயி

எல்லாவற்றையும் படித்தேன். பெயர் வேண்டாம், போட்டோ வேண்டாம், போன் வேண்டாம், கையெழுத்துப் படிவம் உண்டு என்றால் எனக்கு ஆட்சேபனை இல்லை. மகளிடமும் கேட்டேன். அவளுக்கு ஆசைதான், நான் என்ன சொல்வேனோ என்றுதான் பேசாமல் இருந்திருக்கிறாள்.

எனக்கும் ஒரு யோசனை. பிள்ளைகள் முதலமடை மாம்பழம் பற்றி எழுதட்டும். நாட்டிலேயே முதலில் சந்தைக்கு வரும் மாம்பழங்களில் நம்முடையதும் ஒன்று. ஆனால் பூ எப்போது பிடிக்கிறது, பனி கூடினால் என்ன ஆகும், மருந்து எத்தனை தடவை அடிக்கிறோம், அதனால் யாருக்கு என்ன கெடுதல், வியாபாரி எப்படி விலை வைக்கிறான் என்று யாரும் தமிழில் எழுதிப் பார்த்ததில்லை. என் மச்சானுக்கு அங்கே தோப்பு இருக்கிறது. பிள்ளைகள் கேள்விகளை எழுதி அனுப்பினால் பதில் வாங்கித் தருகிறேன். மருந்து பற்றிய கேள்வியையும் கேட்கட்டும். மறைக்க மாட்டோம்.


பாலக்காட்டு டீச்சர்

அண்ணா, இதற்கு மேல் எனக்கு என்ன வேண்டும்! கேள்விகளை ஒன்பதாம் வகுப்பே தயாரிக்கட்டும். உங்கள் மகள் அந்தக் குழுவில் இருப்பாள். மருந்து பற்றிய பகுதிக்கு வேளாண் அலுவலரிடமும் கேட்டு எழுதச் சொல்கிறேன், ஒரு பக்கம் மட்டும் கேட்டால் போதாது.

மூணாறு சார், நகரி தம்பி, உங்கள் இருவரிடமும் ஒன்று கேட்கிறேன். நம் மூன்று ஊர்ப் பிள்ளைகளும் ஒருவர் எழுதியதை மற்றவர் படித்துக் கேள்வி கேட்டால் எப்படி இருக்கும்? தேயிலையைப் பற்றி எங்கள் பிள்ளைகளுக்கு ஒன்றும் தெரியாது, தறியைப் பார்த்ததே இல்லை. உங்கள் பிள்ளைகளுக்கு மணக்கடவுத் தண்ணீரும் பனையும் புதிதாக இருக்கும். தம்பி, உங்கள் பழைய சார் இன்னும் அந்த மாலை வகுப்பை நடத்துகிறார் என்றால் அவரிடம் கேட்டுச் சொல்லுங்கள். ஓணப் பரீட்சை முடிந்ததும் முதல் பரிமாற்றத்தை வைத்துக்கொள்ளலாம். சம்மதப் படிவத்தின் மாதிரியைத் தேவிகுளத்துத் தங்கை எழுதித் தந்தால் மலையாள வடிவத்தை எங்கள் பள்ளியிலேயே செய்துவிடுவோம்.


நகரி மாணவன்

சாரிடம் பேசிவிட்டேன் அக்கா. சந்தோஷமாகச் சரி என்றார். இப்போது தமிழ் எழுதத் தெரிந்த பிள்ளைகள் அவரிடம் ஏழெட்டுப் பேர்தான். அவர்களை வைத்தே தொடங்கலாம் என்கிறார். முதல் பதிவு தறிப் பட்டறை பற்றி இருக்கட்டுமா, ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணிக்குக் காவடி எடுத்துப் போவது பற்றி இருக்கட்டுமா என்று உங்கள் பிள்ளைகளிடமே கேட்டுச் சொல்லச் சொன்னார்.